மைக்செட் கண்டுபிடித்த சேர்மம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விஷயம் ரகசியமாக இருக்கிறது என்றால், அன்றைக்கு அவள் லீவு என்று அர்த்தம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்வாள் என்பதற்காக அல்ல. சொன்னால் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பி, கூடவே என்னைப் பற்றி நான் எழுதாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அனுப்புவாள். எனக்கு அந்த வம்பு வேண்டாம். நாங்கள் அவளை மைக்செட் என்று கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. "மைக்செட் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், மாடிப்படியிலிருந்தே "வந்துனே இருக்கேம்பா, இன்னா அவசரம்?" என்று பதில் வரும். ஆள் வருவதற்குள் அன்றைய செய்திகள் பாதி வந்துவிடும். எந்த பஸ் பிரேக்டவுன், யார் வீட்டில் வளைகாப்பு, அல்சூர் ஏரியில் எத்தனை மீன் செத்து மிதக்கிறது, எல்லாம்.

நான் அதற்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று என் அம்மாவே திட்டுவாள். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதைப் பத்திரிகை அடித்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஊருக்குப் போய் நிச்சயதார்த்தம் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை லேபுக்குள் நுழைகிறேன், "இன்னா ராணிப்பேட்டை, பொண்ணு ஆற்காடாமே? ஆத்தத் தாண்டுனா மாமியார் வூடு, சக்கத், சூப்பரு!" என்கிறாள். எப்படித் தெரிந்தது என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மதியம் கேன்டீனில் என் தட்டில் கேட்காமலே ஒரு ஜிலேபி வந்து உட்கார்ந்தது. பரிமாறுகிறவர் கண்ணடித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஜிலேபியைத் தொடக்கூடாது என்று நினைத்தேன். பிறகு தின்றுவிட்டேன்.

எல்லோரையும் ஊர் பெயரால்தான் கூப்பிடுவாள். நான் ராணிப்பேட்டை. எங்கள் கைடு, அவர் இல்லாதபோது மட்டும், ஹாசன். அவள் மட்டும் இந்த ஊர்க்காரி. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே வந்து குடியேறிய குடும்பம். தமிழ் பேச ஆரம்பித்தால் நடுவில் கன்னடம் வரும், கன்னடம் பேசினால் நடுவில் உருது வரும், மூன்றும் தீர்ந்துபோனால் இங்கிலீஷ். ஏன் இப்படி எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்டுகிறாய் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"எங்க தெருவுல பக்கத்து வூட்டு குக்கர் விசிலு கேட்டு எங்கம்மா எங்க அடுப்ப அணைச்சிடும். அப்பிடி ஒரு தெருவு. அங்க இருந்துனு இன்னாத்த மறைக்கிறது? மறைச்சா வயித்து வலி வந்துடும் எனக்கு."

நிஜமாகவே வரும். ஒருமுறை கைடின் பிறந்தநாளுக்கு ரகசியமாகக் கேக் வாங்கி வைத்திருந்தோம். சாயங்காலம்வரை அவள் வாயைப் பொத்திவைக்கவேண்டும் என்று சத்தியம் வாங்கினோம். பதினொரு மணிக்கு முகம் வெளுத்தது. பன்னிரண்டுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணிக்கு கைடே கத்தியோடு வந்து நின்றார்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று உலோகங்களை அளந்து எடுத்து, காற்றை வெளியேற்றிவிட்டு ஆர்கன் வாயு நிரப்பிய உலையில், வெல்டிங் போல் பொறி கொடுத்து உருக்குவோம். உள்ளே குழிவிட்ட ஒரு செம்புத் தட்டு உண்டு. அந்தக் குழியில் உருகி ஆறும்போது பட்டாணி அளவுக்கு ஒரு பளபளத்த உருண்டை கிடைக்கும். அது வெறும் கலவையாக இருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு புதிய உலோகச் சேர்மமாகவும் இருக்கலாம். உருக்குவது நான். அந்த உருண்டையை உடைத்து, உப்புக்கல்லைவிடச் சின்னதாக ஒரு துணுக்கைப் பொறுக்கி, எக்ஸ்ரேயில் வைத்து, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று படிப்பது அவள்.

கலவைக்கும் சேர்மத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை அவள் மெட்ரோ ஸ்டேஷனில் வைத்து விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். ஊரின் இன்னொரு கோடியில் இருந்த ஒரு லேபுக்கு நாங்கள் துணுக்குகளை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். பை சோதிக்கும் அம்மாள் சின்ன பிளாஸ்டிக் டப்பியைத் திறந்து, "ஏனிது?" என்று முறைத்தார். நானாக இருந்தால் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். இவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அம்மா, கல்யாணப் பந்தி பாத்திருக்கீங்கல்ல? யார் வேணா எங்க வேணா குந்திக்கலாம்னா அது கலவை. பித்தளை, எவர்சில்வர் மாதிரி. இது அப்பிடி இல்ல. ஒரு எலை மாப்ள வூடு, ஒரு எலை பொண்ணு வூடு, அப்பறம் மறுபடி மாப்ள வூடு. சீட்டு ரிசர்வேசன். பந்தி முடியிறவரைக்கும் அதே வரிசை. ஒர்த்தரும் எடம் மாறக்கூடாது."

"மாறினா?"

"மாறமாட்டாங்க. அதான் கெத்து. தனியா இருக்கசொல்ல ரெண்டு வூட்டுக்காரங்களும் நல்ல மாதிரி, வளைஞ்சி குடுப்பாங்க. பந்தியில வந்து குந்திட்டா வறட்டு கவுரவம். கொஞ்சம் தட்டுங்க, வளையாது, அப்பளம் மாதிரி நொறுங்கிடும்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த அம்மாள் டப்பியைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல மாப்ள வூடு யாரு?" என்று கேட்டார். "சீரியம்! கொஞ்சம் முன்கோபம், காத்து பட்டாலே கருத்துடும்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு வாய்த்த கைடு, குட்மார்னிங் சொல்வதையே அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறவர். அவருக்கும் காரணம் இருந்தது. நாங்கள் சீரியம், நிக்கல், ஜெர்மானியம் மூன்றையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்த சேர்மத்தைப் போலவே வெளிநாட்டில் ஒரு குழுவும் செய்துகொண்டிருந்தது. கட்டுரை அனுப்பும்வரை ஒரு சொல் இந்த அறையைவிட்டுப் போகக்கூடாது என்று அவர் உத்தரவு. அதைவிடப் பெரிய காரணம் அவளே. அவளுக்குக் கொடுத்த கெடு ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. முதலில் செய்த இரண்டு சேர்மங்களையும் வேறு யாரோ முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார்கள். இந்த மூன்றாவது நின்றால் அவளுக்கு டாக்டர் பட்டம். விழுந்தால் இத்தனை வருஷமும் போச்சு, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும். கேன்டீனுக்கும் தெரியும். அவளுடைய தெருவுக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஏழு டிகிரி வந்தது.

சேர்மத்தைக் குளிர்விக்கக் குளிர்விக்க அதன் மின்தடை எப்படிக் குறைகிறது என்று அளந்துகொண்டிருந்தோம். அதற்குமேல் குளிர் என்பதே கிடையாது என்கிற கடைசி எல்லைக்கு ஏழு டிகிரி முன்னால், திரையில் கோடு தொபுக்கென்று விழுந்தது. மின்தடை காணாமல் போவதுபோல. மீகடத்தி! தடையே இல்லாமல் கரண்ட் ஓடும் பொருள். எங்கள் துறையில் அது லாட்டரி. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து லேபிலிருந்து தீயணைப்புச் சிலிண்டரோடு ஒருவர் ஓடிவந்தார்.

கைடு வந்து பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏழு என்றால் எனக்கு ஈயம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஈயம் சரியாக அங்கேதான் மீகடத்தியாகும். கலப்படம் இல்லை என்று உறுதி செய்கிறவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது" என்றார். எங்கள் லேபில் ஈயமே கிடையாது. நாங்கள் வாங்கியதும் இல்லை, உருக்கியதும் இல்லை. அதனால் எங்களுக்கு நம்பிக்கை போகவில்லை. நான் மூச்சு விடவில்லை. அவள் விட்டாள்.

சாயங்காலம் டீ குடிக்கப் போனேன். கேன்டீன்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "சார், இனிமே கரண்ட் பில்லே வராதாமே?" என்றார். மறுநாள் காலையில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தார், இதற்குமுன் ஒருநாளும் அடித்ததில்லை. மர்பி டவுனில் அவளுடைய அம்மா ஜாக்கெட் தைப்பவர். அளவெடுக்க வந்த பெண்களிடமெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். வாய் அந்தக் குடும்பத்துச் சொத்து. அன்று மதியம் கைடுக்கு டெல்லியிலிருந்து போன். அவருடைய பழைய நண்பர், "மீகடத்தியாமே, வாழ்த்துகள்" என்கிறார். கைடு போனை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் கேட்கலாமா? யாரிடமெல்லாம் சொன்னாய்?"

"சார், கேக்காதவங்க பேர சொல்றது ஈசி சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். பொய்யாகிவிட்டால் என்ன செய்வாய், ஊர் சிரிக்காதா, உன் பட்டம் என்ன ஆகும் என்று. அவள் கண் கலங்கியது. "சந்தோசமா இருந்துச்சிபா. சந்தோசத்த தனியா வெச்சினு என்னா பண்றது?" என்றாள்.

சோதனை முடிவு வந்தது. உருண்டையின் வெடிப்புகளுக்குள் மயிரிழை மயிரிழையாக ஈயம். சந்தேகமே இல்லை. மீகடத்தி எங்கள் சேர்மம் அல்ல, அந்த ஈயம்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "ஹோக்லி வுடு. எங்கருந்து வந்துச்சின்னு பாக்காம நான் வூட்டுக்குப் போவமாட்டேன்" என்றாள்.

தேடினோம். வாங்கிய உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம், சுத்தம். கம்பி ஒட்டும் பசையைப் பார்த்தோம், அதிலும் இல்லை. கடைசியில் உலையைத் திறந்து அந்தச் செம்புத் தட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில், ஒரு குழியை ஒட்டி, கருகிப்போன ஒரு பொட்டு. நகத்தால் சுரண்டினாள். கருப்புக்கு அடியில் ஆரஞ்சு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்துபோய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ராணிப்பேட்டை, ஆயுத பூஜைப்பா! நான்தான் வெச்சேன்!"

ஆயுத பூஜையன்று லேபில் எல்லா இயந்திரத்துக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பது எங்கள் வழக்கம். கம்ப்யூட்டருக்குக்கூட உண்டு. அந்த வருஷம் குங்குமம் தீர்ந்துபோயிற்று. அவள் பையில் அம்மா கொடுத்தனுப்பிய ஆஞ்சநேயர் செந்தூரப் பொட்டலம் இருந்தது. வெளியே உலைக்கதவுக்கு வைத்தவள், முக்கியமான வேலை உள்ளேதானே நடக்கிறது என்று உலையைத் திறந்து செம்புத் தட்டுக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். பக்தியில் குறை வைக்கவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு தள்ளுவண்டியில் வாங்கிய அந்தச் செந்தூரத்தை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தோம். அப்பட்டமான ஈயச் செந்தூரம். உலையின் சூட்டில் அது ஆவியாகக் கிளம்ப, அதிலிருந்த ஆக்சிஜனை எங்கள் சீரியம் பிடுங்கிக்கொள்ள, ஈயம் தனியாக உருண்டைக்குள் இறங்கியிருக்கிறது.

இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். "தட்டு சுத்தமா இல்லன்னு சொல்லி முடிச்சிடு. பூஜை, பொட்டு எல்லாம் எதுக்கு?" என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"இவ்ளோ நல்ல கதைய எப்பிடிப்பா சொல்லாம இருக்கறது? அதுவுமில்லாம எங்க தெருவுல எல்லாரும் அதத்தான் நெத்தியில வெச்சினு இருக்காங்க. போனக் குடு!"

முதல் போன் அம்மாவுக்கு. ஈயம் விஷம், அந்தப் பொட்டலத்தை யாரும் தொடக்கூடாது, குழந்தைகளுக்கு வைக்கவே கூடாது என்று. சாயங்காலத்துக்குள் தெருவே கேட்டுக்கொண்டது என்று பிறகு சொன்னாள். மைக்செட்டைப் பெற்ற மைக்செட் அல்லவா, அந்த அம்மாவும் விடவில்லை. அடுத்து கைடு. நேராக அவர் அறைக்குள் போய், பொட்டலத்தை மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயோ தேவ்ரே" என்றார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சிரித்தாகிவிட்டது. உன் பட்டத்துக்கு என்ன செய்யப்போகிறோம்?" என்று கேட்டார். அப்போது அவளும் சிரிப்பை நிறுத்தினாள்.

தட்டைத் தேய்த்துக் கழுவி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். எதிர்பார்த்தபடி ஏழு டிகிரியில் கோடு விழவில்லை. மீகடத்தி போயே போச்சு. ஆனால் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "இது இன்னாத்துக்கு இவ்ளோ கீழ ஓடுது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். நாங்கள் அதுவரை என்ன நினைத்திருந்தோம் என்றால், இந்தச் சேர்மத்தில் சீரியம் மட்டும்தான் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, நிக்கலும் ஜெர்மானியமும் ஒரே வரிசையில் கலைந்துபோய் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்கின்றன என்று. அப்படிக் கலைந்திருந்தால் மின்சாரம் இடறி இடறித்தான் போகவேண்டும், எவ்வளவு குளிர்வித்தாலும் தடை ஓரளவுக்குமேல் குறையாது. இங்கேயோ வழுக்கிக்கொண்டு போகிறது. கலப்படம் இருந்தபோது எல்லோர் கண்ணும் அந்த ஏழின்மேலேயே இருந்ததால் இதை யாரும் கவனிக்கவில்லை.

"கலைஞ்சி குந்தல. மாத்தி மாத்திதான் குந்தினுக்காங்க. நமக்குத்தான் தெரியல" என்றாள். "நிக்கலு வூடும் ஜெர்மானியம் வூடும் ஒரே கலர்ல பட்டு கட்டினு வந்துட்டா தூரத்துலருந்து எப்பிடித் தெரியும்?"

எக்ஸ்ரேக்கு நிக்கலும் ஜெர்மானியமும் அநேகமாக ஒரே நிறப் பட்டுதான். இரண்டிலும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரே அளவு. அவை ஒழுங்காக மாறி மாறி உட்கார்ந்திருந்தால், எக்ஸ்ரே படத்தில் பிரகாசமான புள்ளிகளுக்கு நட்டநடுவே மிக மங்கலாக வேறு புள்ளிகள் தெரியவேண்டும். வழக்கமாக எடுக்கும் படத்தில் அவை தெரியாது. அவள் ஒரே துணுக்கை நாள்கணக்கில் கதிரில் வைத்துக் காத்திருந்து படம் எடுத்தாள். காத்திருந்த நாளெல்லாம் கேன்டீனுக்கும் செக்யூரிட்டிக்கும் நிலவரம் போய்க்கொண்டே இருந்தது. கைடு தடுப்பதை விட்டுவிட்டார்.

வந்தன. தூசு மாதிரி, சொல்லிவைத்தாற்போல் நடுவில், மங்கலான புள்ளிகள். இப்படி ஓர் அடுக்கு இதற்குமுன் எந்தச் சேர்மத்திலும் பதிவாகியிருக்கவில்லை. இந்தமுறை அவள் கூச்சல் போடவில்லை. என் கையை எடுத்து நறுக்கென்று கிள்ளினாள். எனக்குத்தான் வலித்தது.

அடுத்து ஒரு கருத்தரங்கு. மீகடத்திச் செய்தி அங்கே ஏற்கெனவே போயிருந்தது. மற்றவர்களாக இருந்தால் அந்தப் பேச்சையே எடுக்காமல் புதிய அடுக்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருப்பார்கள். இவள் முதல் படமாகவே செந்தூரப் பொட்டலத்தைப் போட்டாள். "எல்லாருக்கும் வணக்கம். எங்களுடைய மீகடத்தி இதுதான்" என்று ஆரம்பித்தாள். அரங்கம் அதிர்ந்தது. சிரித்து முடித்தபிறகுதான் மங்கல் புள்ளிகளைக் காட்டினாள். இடைவேளையில் நரைத்த தலைகள் அவளைச் சூழ்ந்துகொண்டன. அவரவர் லேபில் நடந்த கூத்துகளை ஆளாளுக்கு அவளிடம் சொன்னார்கள், தங்கள் மாணவர்களிடமே சொல்லியிருக்காத கூத்துகளை. அவர்களில் ஒருவர் கைடிடம், "தன் தப்பை இவ்வளவு பலமாகச் சொல்கிற பெண், புள்ளி இருக்கிறது என்று சொன்னால் அது இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கைடு பெருமையை மறைக்கத் தெரியாமல் கைக்குட்டையைத் தேடினார்.

எல்லாம் சேர்ந்து கடைசியில் அவள் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு வந்து நின்றது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பது விதி. சாதாரணமாகப் பத்துப் பேர் வருவார்கள், அதில் பாதி பிஸ்கட்டுக்காக. அன்று அரங்கில் நிற்க இடமில்லை. கேன்டீன் மொத்தமும் வந்திருந்தது. மர்பி டவுனிலிருந்து அம்மாவும், அம்மாவிடம் துணி தைக்கக் கொடுக்கும் பெண்களும், பட்டுப்புடவையும் மல்லிகையுமாக முன் வரிசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ நலங்குக்கு வந்தவர்கள் போல. சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், கைடை ஒருமுறை பார்த்தார். கைடு கூரையைப் பார்த்தார்.

அவள் பேசி முடித்தாள். நன்றாகத்தான் பேசினாள். கேள்வி நேரம். அம்மையார் பேனாவை மூடிவைத்துவிட்டு, அவளைச் சகஜமாக்குவதற்காகவோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்.

"அந்த மங்கல் புள்ளி இருக்கே, அது புது அடுக்கால வந்ததுன்னு எப்படிச் சொல்றே? ரெண்டு படிகம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிறந்திருந்தாலும் இதேமாதிரி நடுவுல புள்ளி வரும். இரட்டைப் படிகம். அப்படி இருந்தா உன் கண்டுபிடிப்பே இல்ல."

இதுதான் கேள்வி. இதில் நின்றால் நின்றாள், விழுந்தால் எல்லாம் விழுந்தது. அவளுக்குப் பதில் தெரியும். எனக்குத் தெரியும் அவளுக்குத் தெரியுமென்று. ஆனால் அவளுக்குக் குரல் வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறாள்.

முன்வரிசையிலிருந்து அவள் அம்மா எழுந்தார்.

"அது ரெட்டை இல்லீங்கம்மா."

எல்லோரும் திரும்பினார்கள். கைடு கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெட்டையா இருந்தா ஒடைக்கச்சொல்ல ஒரு துண்டுல அது அதிகமா வரும், ஒரு துண்டுல கம்மியா வரும். இவ ஒடைச்சி ஒடைச்சிப் பாத்துட்டாம்மா. எந்தத் துண்ட எடுத்தாலும் அந்த மங்கலு ஒரே அளவுதான். தெனம் சோறு துன்னசொல்ல இதத்தாம்மா சொல்லுவா."

"ஆமாங்க," என்றார் பக்கத்திலிருந்த பெண். "பொடித் துண்டுலகூட அதே அளவுதான்."

"எங்ககிட்டயும் சொல்லிச்சி மேடம்" என்று பின்னாலிருந்து கேன்டீன்காரர் கையைத் தூக்கினார்.

அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது, அடக்கிய சிரிப்பில் கண்ணில் தண்ணீர். "சரி, வீட்ல சொல்லிட்டாங்க. நீ அந்தத் துண்டுகளோட படத்தைக் காட்டு" என்றார். அதற்குள் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. காட்டினாள். உடைத்த துணுக்கு ஒவ்வொன்றின் படமும் வரிசையாக வந்தது. எல்லாவற்றிலும் மங்கல் புள்ளி ஒரே அளவு. அம்மையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு இன்னும் சில கேள்விகள். அவற்றுக்கு அவளே பதில் சொன்னாள், உறவினர் உதவி தேவைப்படவில்லை.

முடிவெடுக்கக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் வெளியே வராந்தாவிலும் மாடிப்படியிலும் நின்றோம். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கதவு திறந்தது. கைடு வந்தார். பழக்கதோஷம், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவளுக்கு மட்டும்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, உதடு அசைகிறது, சத்தம்தான் இல்லை. மாடிப்படி முழுக்க முகங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. "இன்னா ஆச்சி? சொல்லேன்டி!" என்று அம்மா கத்தினார். எங்கள் மைக்செட் கையை விரித்து, தொண்டையைத் தொட்டுக்காட்டி, என்னைப் பார்த்தாள். நீ சொல்லு என்றாள் கண்ணால்.

என் அம்மா பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, கேட் வரைக்கும் கேட்கும்படி நான் கத்தினேன்.

"டாக்டர் ஆயிட்டா! நம்ம பொண்ணு டாக்டர் ஆயிட்டா!"